தடைகள் நீங்கின, துணைகளும் நீங்கின

2021ஆம் ஆண்டு யூலை மாதம் 19ஆம் திகதி நள்ளிரவு. இங்கிலாந்தில் பதினாறு மாதங்களாக மூடிக்கிடந்த நடன விடுதிகளின் கதவுகள் திறக்கப்பட்டன. இளைஞர்கள் தோளோடு தோள் உரசி ஆடிய காட்சியைத் தொலைக்காட்சிகள் விடியும்வரை காட்டிக்கொண்டிருந்தன. அந்த நாளுக்குச் செய்தித்தாள்கள் முன்கூட்டியே 'சுதந்திர தினம்' என்று பெயர் சூட்டியிருந்தன. ஆனால் அச்சுதந்திரத்தை அறிவித்த அன்றைய பிரதமர் பொறிஸ் ஜோன்சனுக்கு அதனை அனுபவிக்கக் கொடுத்து வைக்கவில்லை. சுகாதார அமைச்சர் சாஜித் ஜாவிட்டுக்குக் கொரோனாத் தொற்று இருப்பது இரு நாட்களுக்கு முன்னர் உறுதியாகியிருந்தது. அவருடன் பழகிய குற்றத்துக்காகப் பிரதமர் செக்கர்ஸ் மாளிகையில் தனிமைப்பட்டிருந்தார்.

அதற்கு முதல்நாள் காலையில் நடந்தது இதனிலும் கவனிக்கத்தக்கது. பிரதமரும் அப்போதைய நிதியமைச்சர் றிஷி சுனாக்கும் தாம் தனிமைப்படப் போவதில்லை என்றும், நாள்தோறும் சோதனை செய்துகொண்டு கடமையைத் தொடரும் ஒரு முன்னோடித் திட்டத்தில் இணைகிறார்கள் என்றும் அறிவிப்பு வந்தது. நாடெங்கும் எழுந்த கோபத்தைக் கண்டு சில மணித்தியாலங்களுக்குள் அது மீளப் பெறப்பட்டது. கடையிலும் தொழிற்சாலையிலும் நிற்பவனுக்கு அப்படியொரு திட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கவில்லை என்பதே அக்கோபத்தின் காரணம்.

'தளர்வு' என்ற சொல் எம்மவருக்குப் புதிதன்று. ஊரடங்குச் சட்டம் இரண்டு மணித்தியாலம் தளர்த்தப்படுகிறது என்று வானொலி சொன்னதும் பையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்கு ஓடிய தலைமுறையினர் நாம். ஊரடங்கு தளர்ந்தால் ஆபத்தும் அகன்றுவிட்டது என்று அங்கு எவரும் பொருள் கொண்டதில்லை. அரிசியும் மண்ணெண்ணெயும் வாங்கிக்கொண்டு நேரத்துக்கு வீடு திரும்ப வேண்டும் என்பது சிறு பிள்ளைக்கும் தெரிந்திருந்தது. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் கொரோனாவுக்காக இலங்கையில் நாடு தழுவிய ஊரடங்கு விதிக்கப்பட்டு, பின்னர் இடையிடையே சில மணித்தியாலங்கள் தளர்த்தப்பட்டபோதும் அதே ஓட்டத்தைத்தான் எமது உறவினர் தொலைபேசியில் விபரித்தார்கள்.

சட்டமொன்று நீங்கும்போது அதனோடு சேர்ந்து வேறு எவை நீங்குகின்றன? எம்மைப் போன்ற குடும்பங்கள் கேட்கவேண்டிய கேள்வி இதுவென்று நாம் கருதுகிறோம். இங்கிலாந்தின் அனுபவத்தை வைத்து இதனை ஆராய்வோம்.

அவசரத் திறப்புகள்

முதலாவது பொதுமுடக்கத்தின் பின், 2020 யூலை 4ஆம் திகதி இங்கிலாந்தின் உணவகங்கள் திறந்தன. திறந்த கதவுக்குள் மக்கள் வரத் தயங்கினர். ஆகவே ஓகஸ்ட் மாதம் முழுவதும் திங்கள் முதல் புதன் வரை உணவகத்தில் உண்பவரின் கட்டணத்தில் பாதியை, ஆளுக்குப் பத்துப் பவுண் வரை, அரசே செலுத்தியது. நோய் பரவும் இடம் எதுவோ அவ்விடத்துக்கே போகும்படி அரசு காசு கொடுத்து அழைத்தது என்று இதனைச் சொல்வதில் தவறில்லை. அத்திட்டம் பற்றித் தம்மிடம் முன்கூட்டி ஆலோசனை கேட்கப்படவில்லை என அரசின் தலைமை அறிவியல் ஆலோசகராயிருந்த பற்றிக் வலன்ஸ் 2023இல் விசாரணை ஆணையத்தின் முன் கூறினார். அந்த உணவகங்களின் சமையலறைகளில் பாத்திரம் கழுவியவர்களிலும் கறி வெட்டியவர்களிலும் எம்மவர் எத்தனை பேர் என்பதை வாசகர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை.

அதே ஆண்டு நத்தாருக்கு ஐந்து நாட்கள் குடும்பங்கள் ஒன்றுகூடலாம் என்று வாக்களிக்கப்பட்டது. டிசம்பர் 19ஆம் திகதி, அதாவது பண்டிகைக்கு ஆறு நாட்களே இருக்கையில், இலண்டனுக்கும் தென்கிழக்குப் பகுதிக்கும் அவ்வாக்குறுதி அடியோடு கைவிடப்பட்டது. ஏனைய பகுதிகளுக்கு ஐந்து நாள் ஒரு நாளாகச் சுருங்கியது. அடுத்த யனவரியில் மூன்றாவது முடக்கம் வந்தது. அந்த மாதத்தில் பிரித்தானியாவில் நாளொன்றுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்த நாட்கள் பல.

இவ்வாறான அவசரம் இந்த நூற்றாண்டுக்கு மட்டும் உரியதன்று. 1918ஆம் ஆண்டு உலகெங்கும் பரவிய இன்புளுவன்சாக் காய்ச்சலின்போது அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரம் ஒக்ரோபரில் முகக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. அணியாதோருக்குத் தண்டமும் சிறையும் காத்திருந்தன. நோய் தணிந்ததும் நவம்பர் 21ஆம் திகதி நண்பகல் ஊதுகுழல் ஒலிக்க, மக்கள் கவசங்களைக் கழற்றித் தெருவில் வீசிக் கொண்டாடினர். நோயோ மீண்டும் தலைதூக்கியது. 1919 யனவரி நடுப்பகுதியில் அதே கட்டளை மறுபடியும் பிறந்தது. இம்முறை அதனை எதிர்ப்பதற்கென்றே ஒரு சங்கம் தோன்றிவிட்டது. ஒருமுறை கழற்றியதை மீண்டும் அணியச் செய்வது முதன்முறை அணியச் செய்வதனிலும் கடினம். பள்ளிக்கூடத்தில் ஒழுங்குவிதி ஒன்றைக் கைவிட்டுப் பின் மீளக் கொண்டுவர முயன்ற எந்த ஆசிரியருக்கும் இது தெரியும்.

இரு பக்க நியாயங்கள்

2021 பெப்ரவரி 22ஆம் திகதி வெளியான திட்டம் முந்தியவற்றைவிட நிதானமானது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நான்கு படிகள், ஒவ்வொரு படிக்கும் இடையே குறைந்தது ஐந்து வாரங்கள். யூன் 21ஆம் திகதி எடுத்துவைக்கப்பட இருந்த இறுதிப்படி, டெல்ற்றா எனப்பட்ட திரிபின் பரவலால் நான்கு வாரங்கள் பிற்போடப்பட்டது. யூலை 19 வந்தபோது வயது வந்தோரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் இரு தடுப்பூசிகளையும் பெற்றிருந்தனர்.

தடைகளை நீக்கியே ஆகவேண்டும் என்றவர்களின் வாதத்தை நாம் அலட்சியம் செய்துவிட முடியாது. அலை ஒன்று எழுந்தே தீருமாயின், வைத்தியசாலைகள் திணறும் குளிர்காலத்தைவிடப் பள்ளிகள் மூடிய கோடையில் எழுவது மேல் என்றார்கள். தடைகளுக்கும் விலை இருந்தது. எமது சமூகத்தில் செத்த வீடு என்றால் ஊரே கூடும். ஆனால் முப்பது பேருக்கு மேல் மரணச் சடங்கில் நிற்கக்கூடாது என்றிருந்த காலத்தில், எந்த முப்பது பேர் என்று பட்டியல் எழுதவேண்டிய நிலை பிள்ளைகளுக்கு வந்தது. முதியோர் இல்லத்தில் இருந்த தாயைக் கண்ணாடி யன்னலுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தவர்கள் இன்றும் அதை மறக்கவில்லை. பிள்ளைகளின் கல்வியோ சொல்லும் தரமன்று. மூன்று பிள்ளைகளுக்கு ஒரு கைத்தொலைபேசி, வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவர் எவருமில்லை. அத்தகைய வீடுகளில் இணையவழிப் பாடம் என்பது பெயரளவில்தான் நடந்தது. கற்பித்தலைத் தொழிலாகக் கொண்டிருந்த எமக்கு, அக்காலத்தில் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கவேண்டியிருந்த ஆறு வயதுப் பிள்ளைகளை நினைக்கும்போது மனம் வருந்துகிறது.

மறுபக்கத்தில், நூற்றுக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் வைத்தியர்களும் 'லான்செற்' மருத்துவ இதழில் யூலை 7ஆம் திகதி கடிதம் எழுதினர். தடுப்பூசி பெறாத இளையோரிடையே நோயைப் பரவவிடுவது ஆபத்தானதும் அறத்துக்கு மாறானதுமான பரிசோதனை என்பது அவர்களின் வாதம். நாளொன்றுக்கு ஓர் இலட்சம் பேருக்குத் தொற்று ஏற்படும் என்ற கணிப்புகளும் வெளியாகின.

நடந்தது என்ன? யூலை 17ஆம் திகதி 54,000ஐத் தாண்டியிருந்த நாளாந்தத் தொற்று, இரு வாரங்களில் அதன் பாதிக்கும் கீழே இறங்கியது. அஞ்சியவர்களை ஏளனம் செய்தோர் பலர். ஆனால் பள்ளிகள் விடுமுறைக்கு மூடியிருந்தன. ஐரோப்பிய உதைபந்தாட்டக் கூட்டங்கள் கலைந்திருந்தன. தொற்றாளருடன் நெருங்கியிருந்ததாகக் கைத்தொலைபேசிச் செயலி மூலம் யூலை நடுப்பகுதியில் ஒரே வாரத்தில் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் எச்சரிக்கப்பட்டிருந்தனர். நெருங்கியிருந்தோர் தனிமைப்படவேண்டும் என்ற விதி 'சுதந்திர தினத்தன்று' நீங்கவில்லை. தடுப்பூசி பெற்றோருக்கு அது ஓகஸ்ட் 16ஆம் திகதி வரை நீடித்தது. ஆகவே எல்லாத் தடைகளையும் நீக்கியும் நோய் குறைந்தது என்ற கூற்று பாதி உண்மையே. இலையுதிர் காலத்தில் நாளொன்றுக்கு நூறுக்கும் மேற்பட்ட மரணங்கள் மாதக்கணக்கில் தொடர்ந்தன. அவை முதற்பக்கச் செய்தியாகவில்லை. முன்னர் ஆயிரத்தைக் கண்ட கண்களுக்கு நூறு சிறிதாகத் தெரிந்தது போலும்.

யாருடைய பொறுப்பு?

சட்டம் போன இடத்தில் 'தனிமனிதப் பொறுப்பு' என்ற தொடர் வந்து அமர்ந்தது. முகக்கவசம் அணிவதும் அணியாததும் அவரவர் விருப்பம் என்றாயிற்று. கேட்பதற்கு நல்ல தொடர். ஆனால் முகக்கவசம் அணிபவரைவிட எதிரே நிற்பவரைத்தான் அதிகம் காக்கும் என்று அதுவரை சொல்லிவந்தவர்களும் இவர்களே. பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்யும் எமது காசாளர், உள்ளே வரும் வாடிக்கையாளரிடம் முதல்நாள் வரை சட்டத்தைக் காட்டி முகத்தை மூடும்படி கேட்கக்கூடியதாக இருந்தது. மறுநாள் அவர் கேட்டால் அது வாடிக்கையாளரின் உரிமையில் தலையிடுவதாகிவிட்டது. பொறுப்பு அவருடையது; அதனை நிறைவேற்றும் அதிகாரம் மட்டும் அவரிடம் இல்லை.

இலண்டன் மாநகரில் சாதிக் கான் இதனை ஓரளவு உணர்ந்தார் என்றே சொல்லவேண்டும். பேரூந்திலும் சுரங்க ரயிலிலும் முகக்கவசம் பயண நிபந்தனையாக 2022 பெப்ரவரி 24 வரை தொடர்ந்தது. ஸ்கொட்லாந்தில் அது சட்டமாகவே 2022 ஏப்ரல் 18 வரை இருந்தது. ஒரே நாட்டின் இரு பகுதிகளில் ஒரே நோய்க்கு இரு வேறு சட்டங்கள்!

எவர் அதிகம் இழந்தார் என்பதும் மறைந்த சேதியன்று. இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் திணைக்களம் 2020 யூனில் வெளியிட்ட அறிக்கையின்படி, வயது, பால், வாழிடம் முதலியவற்றைக் கணக்கில் எடுத்த பின்னரும் வங்காளதேச வம்சாவளியினர் வெள்ளையரைவிட ஏறத்தாழ இரு மடங்கு மரண ஆபத்துக்கு உள்ளாகியிருந்தனர். இந்தியர், பாகிஸ்தானியர், ஏனைய ஆசியர் முதலியோருக்கு அந்த ஆபத்து பத்து முதல் ஐம்பது வீதம் வரை கூடுதலாக இருந்தது. அகதிக் குடும்பங்களின் நிலையை அருகிலிருந்து பார்ப்பவர்களுக்கு இதில் வியப்பில்லை. அப்பா வாடகைக்கார் ஓட்டுகிறார், மகள் முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளர், நீரிழிவுடன் அம்மம்மா அதே வீட்டின் நடு அறையில். வெளியே எந்தத் தடை நீங்கினாலும் அது இரவில் அந்த நடு அறைக்கு வந்து சேரும்.

2022 பெப்ரவரி 24

எமது கணிப்பில், 'சுதந்திர தினத்தை'விட முக்கியமான நாள் இதுவாகும். ஒமிக்குரோன் அலை தணிந்த பின், தொற்றுக்கு ஆளானவர் தனிமைப்பட்டிருக்கவேண்டும் என்ற சட்டக் கடப்பாடு அன்று இங்கிலாந்தில் நீக்கப்பட்டது. கொரோனாவுடன் வாழப் பழகுதல் என்பது அத்திட்டத்தின் பெயர். ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்த நாளும் அதுவே ஆதலால் செய்திகளில் இது அமுங்கிப் போயிற்று.

அன்று நீங்கியது கடப்பாடு மட்டுமன்று. வீட்டிலிருந்து வேலை செய்ய முடியாத, வருமானம் குறைந்த தொழிலாளர் தனிமைப்படும்போது வழங்கப்பட்டுவந்த 500 பவுண் உதவித்தொகையும் அத்துடன் நின்றது. மார்ச் 24ஆம் திகதி, நோய்க்காலக் கொடுப்பனவை முதல் நாளிலிருந்தே வழங்கும் ஏற்பாடு நின்று, நான்காம் நாளிலிருந்து வழங்கும் பழைய முறை திரும்பியது. ஏப்ரல் 1ஆம் திகதி முதல் பொதுமக்களுக்கு இலவசச் சோதனையும் இல்லை.

கணக்கைப் பார்ப்போம். அப்போதைய சட்டபூர்வ நோய்க்காலக் கொடுப்பனவு வாரத்துக்கு 96 பவுண் 35 பென்ஸ். மணித்தியாலத்துக்கு 8 பவுண் 91 பென்ஸ் என்ற குறைந்தபட்ச ஊதியத்தில் நாற்பது மணித்தியாலம் உழைப்பவரின் வாரச் சம்பளம் 356 பவுண் 40 பென்ஸ். நோயுற்றுப் படுத்தால் கிடைப்பது அதில் கால்வாசியைச் சற்றே தாண்டும். வாரம் 120 பவுணுக்குக் குறைவாக உழைத்தவருக்கு அதுவும் கிடையாது. பகுதிநேரமாக இரண்டு கடைகளில் துப்புரவு வேலை செய்யும் ஒரு தாய், ஒவ்வோரிடத்திலும் அந்த எல்லைக்குக் கீழே உழைத்தால், இரண்டிடத்திலும் வெறுங்கை.

தஞ்சக் கோரிக்கையாளரின் கணக்கு இன்னும் சிறியது. வேலை செய்ய அனுமதியின்றித் தனி வதிவிடத்தில் இருந்தவருக்கு 2022 பெப்ரவரியில் அரசு வழங்கிய வாரப்படி 40 பவுண் 85 பென்ஸ், அதாவது நாளொன்றுக்கு ஆறு பவுணுக்கும் குறைவு. மருந்துக்கடையில் ஒரு சோதனைக் கருவி ஏறக்குறைய இரண்டு பவுண். தொண்டை கரகரத்தால் சோதிப்பதா, சோறு சமைப்பதா என்று அவர் தீர்மானிக்க வேண்டும். இதற்கும் பெயர் தனிமனிதப் பொறுப்புத்தான்.

ஏனைய நாடுகளிலுள்ள வாசகர்கள் தத்தம் நாட்டுடன் இதனை ஒப்பிட்டுப் பார்க்கலாம். நோர்வே 2021 செப்ரெம்பர் 25இல் தடைகளை நீக்கி, ஒமிக்குரோன் வந்ததும் மீண்டும் விதித்து, 2022 பெப்ரவரி 12இல் பெரும்பாலானவற்றை நீக்கியது. டென்மார்க்கும் அவ்வாறே 2021 செப்ரெம்பரில் ஒருமுறையும் 2022 பெப்ரவரி 1இல் மறுமுறையும் நீக்கியது. சுவிற்சர்லாந்து பெப்ரவரி 17இல் பெரும்பகுதியை அகற்றிவிட்டு, பொதுப் போக்குவரத்திலும் வைத்தியசாலைகளிலும் முகக்கவசத்தை மார்ச் முடிவுவரை வைத்திருந்தது. யேர்மனியில் நெடுந்தூர ரயில்களில் அது 2023 பெப்ரவரி தொடக்கம்வரை நீடித்தது. திகதிகளில் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு வேறிடத்தில் உள்ளது. நோர்வேயில் நோயுற்ற தொழிலாளிக்கு முதல் நாளிலிருந்தே முழுச் சம்பளம் கிடைக்கிறது. யேர்மனியில் ஆறு வாரங்கள்வரை வேலை கொடுப்பவர் முழுச் சம்பளமும் கொடுக்கவேண்டும். அங்கு சட்டம் நீங்கிய பின்னும், காய்ச்சலுடன் வேலைக்குப் போகாதிருக்கும் பொறுப்பை ஒரு தொழிலாளி நிறைவேற்ற முடிகிறது. இங்கு வாடகைக்குப் பயந்து காய்ச்சல் குளிசையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறவரைப் பொறுப்பற்றவர் என்று ஏச எமக்கு மனம் வரவில்லை.

தடைகள் நடைமுறையில் இருந்த காலத்திலும் அவற்றின் பாதுகாப்பு எட்டாத இடங்கள் இருந்தன என்பதையும் சொல்லவேண்டும். 2020 செப்ரெம்பரில், ஆறு பேருக்கு மேல் ஒன்றுகூடுவது குற்றம் என்று இங்கிலாந்தில் சட்டம் வந்தது. அதே மாதம் கென்ற் மாவட்டத்தின் போக்ஸ்ரன் நகரிலுள்ள நேப்பியர் படைமுகாமில் தஞ்சக் கோரிக்கையாளரைக் குடியமர்த்தத் தொடங்கினார்கள். ஒரே தொகுதியில் இருபதுக்கும் மேற்பட்டோர் உறங்கினர். கட்டில்களுக்கிடையே துணி தொங்கியது. அத்தகைய கூடங்கள் உகந்தவையல்ல என்ற சுகாதார அதிகாரிகளின் எச்சரிக்கை பொருட்படுத்தப்படவில்லை. 2021 யனவரியில் அங்கு ஏறத்தாழ இருநூறு பேர் தொற்றுக்கு ஆளாகினர். அங்கு வைக்கப்பட்டிருந்த ஆறு பேர் தொடுத்த வழக்கில், அந்த வதிவிடம் சட்டத்தின் தரத்துக்கு உட்பட்டதன்று என அவ்வாண்டு யூன் 3இல் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சுதந்திர தினத்துக்கு ஆறு வாரங்கள் இருந்தன.

2023 மே 5ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம் கொரோனாவுக்கான உலகளாவிய அவசர நிலையை முடித்துக்கொண்டது. நோய் முடியவில்லை என்பதை அந்நிறுவனமே அன்று வலியுறுத்தியது. பிரித்தானியாவில் இந்நோயால் இறந்தோர் தொகை இரண்டு இலட்சத்து இருபதினாயிரத்தையும் கடந்தது. நீங்காமல் நின்ற துணைகள் சிலவற்றை எம்மவர் பலர் அறியாதிருப்பதால் அவற்றையும் இங்கு குறிப்பிடுகிறோம். கொரோனாவுக்கான சோதனையும் சிகிச்சையும் வதிவிட அனுமதி இல்லாதவர்களுக்கும் கட்டணமின்றிக் கிடைக்க 2020 தொடக்கத்திலேயே விதி செய்யப்பட்டது. உள்துறை அமைச்சுக்குத் தகவல் போய்விடும் என்ற அச்சத்தால் வைத்தியசாலைப் பக்கம் போகாமல் கிடந்தவர்களை நாம் அறிவோம்.

இலவசத் தடுப்பூசியின் வட்டமும் சுருங்கி வந்திருக்கிறது. இங்கிலாந்தில் 65 வயதைக் கடந்தோர் அனைவருக்கும் குளிர்காலத்துக்கு முன் வழங்கப்பட்ட ஊசி, 2025 இலையுதிர் காலத்தில் 75 வயதைக் கடந்தோருக்கும், முதியோர் இல்லங்களில் வாழ்வோருக்கும், நோயெதிர்ப்புச் சக்தி குன்றியோருக்கும் மட்டுமே வழங்கப்பட்டது. நீரிழிவுள்ள எழுபது வயது அம்மம்மா இப்பட்டியலில் இல்லை. பட்டியலில் உள்ளவர்களுக்கான அழைப்பு குடும்ப வைத்தியரின் பதிவேட்டில் உள்ள விபரங்களை நம்பியே அனுப்பப்படுகிறது. வீடு மாறியபின் முகவரியை மாற்றாதவர்கள் உடனே மாற்றிக்கொள்வது நல்லது. புதிதாகப் பதிவோரிடம் வதிவிட அனுமதிப் பத்திரமோ முகவரிச் சான்றோ கட்டாயமாகக் கேட்க முடியாது. வரவேற்பு மேசையில் மறுத்தால், மறுப்பின் காரணத்தை எழுத்தில் தருமாறு கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.